நோயைச் சொன்னார்கள், மருந்தைச் சொன்னார்களா?

2005-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி காலை, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘டுடே’ நிகழ்ச்சிக்குத் தன் புதுப்படத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார் டாம் குரூஸ். பேச்சு நடிகை புரூக் ஷீல்ட்ஸ் பக்கம் திரும்பியது. 2003-இல் மகளைப் பெற்றெடுத்த பிறகு ஷீல்ட்ஸ் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளானார். பராக்செட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டு மீண்டார். அதைப் புத்தகமாகவும் எழுதியிருந்தார். குரூஸ் சயின்டாலஜி அமைப்பைச் சேர்ந்தவர். மனநல மருத்துவத்தையே எதிர்க்கும் அமைப்பு அது. மனநல மருத்துவம் போலி அறிவியல், மூளையில் ரசாயனச் சமநிலை குலைவது என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அவர் கேமரா முன்னால் அடித்துச் சொன்னார். ஒரு வாரம் கழித்து ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ஷீல்ட்ஸ் பதில் எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் மறுப்பு அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு குரூஸ் அவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு நடிகர்களின் சண்டையாகத்தான் அன்றைய பத்திரிகைகள் இதை எழுதின. எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. மனநோய் வந்தது என்று ஷீல்ட்ஸ் சொன்னதில் குரூஸுக்குப் பெரிய வருத்தம் இல்லை. மாத்திரை சாப்பிட்டேன், அதனால் தேறினேன் என்று சொன்னதுதான் அவரை உறுத்தியது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று மனச்சோர்வு, பதற்றம் என்று சொல்லாத நட்சத்திரங்களே குறைவு. மாத்திரையைப் பற்றி வாய் திறப்பவர்கள் மட்டும் இன்னும் சிலரே. பேசியதால் விளைந்த நன்மை, பேசாமல் விட்டதால் நேர்ந்த இழப்பு இரண்டையும் எடை போட இந்த இடம்தான் சரியான அளவுகோல் என்பது என் கருத்து.

இந்த வெளிப்படைத்தன்மைக்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு 1972 சாட்சி. அமெரிக்க ஜனநாயகக் கட்சி துணை அதிபர் வேட்பாளராகத் தாமஸ் ஈகிள்டனை அறிவித்தது. மனச்சோர்வுக்காக 1960-களில் அவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மின் அதிர்வுச் சிகிச்சை பெற்றதும் சில நாட்களில் வெளியே வந்தன. வேட்பாளராகி 18 நாட்களில் அவர் விலக நேர்ந்தது. மிசௌரி மாநில மக்கள் அவரை அதன் பிறகும் இரண்டு முறை செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1987 வரை அந்தப் பதவியில் நல்லபடியாகப் பணியாற்றினார். அதாவது சிகிச்சை அவரைத் தகுதியற்றவராக்கவில்லை. சிகிச்சை பெற்ற செய்திதான் அவர் வழியை மறித்தது.

அந்த ஆண்டுகளில் பிரபலங்கள் மறைத்ததில் வியப்பில்லை. மறைப்பை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் நடிகை பாட்டி டியூக். 16 வயதிலேயே ஆஸ்கார் வாங்கியவர். பல ஆண்டுகள் அலைக்கழிந்த பிறகு 1982-இல்தான் அவருக்கு இருதுருவக் கோளாறு என்று கண்டறிந்து லித்தியம் கொடுத்தார்கள். 1987-இல் எழுதிய தன்வரலாற்றில் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொன்னார். லித்தியத்தை 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டினார். விலை மலிவான உப்பு அது. ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தைராய்டையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டோடு அதை ஒழுங்காக எடுப்பவர்களில் பலர் வேலை, குடும்பம் என்று முழு வாழ்க்கை வாழ்கிறார்கள். இந்தச் செய்தியைப் பொதுமக்களிடம் ஒரு மருத்துவ அறிக்கை கொண்டுபோயிருக்க முடியாது. வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் பார்த்துப் பழகிய முகம்தான் கொண்டுபோனது.

எழுத்தாளர் வில்லியம் ஸ்டைரன் தன் மனச்சோர்வைப் பற்றி 1990-இல் வெளியிட்ட சிறு நூல் இன்னொரு விதத்தில் முக்கியமானது. தனக்கு மருந்துகள் பலன் தரவில்லை என்று அவர் எழுதினார். தூக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்து தன் நிலையை மோசமாக்கியது என்று குற்றம் சாட்டினார். மருத்துவமனையில் சேர்ந்த பிறகே தேறினார். மருந்தைப் புகழ்ந்தால்தான் நேர்மை என்றில்லை. என்ன எடுத்தேன், என்ன நடந்தது என்று சொல்வதே நேர்மை; ஸ்டைரனும் டியூக்கும் எதிரெதிர் அனுபவங்களைச் சொன்னாலும் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

நடிகை கேரி ஃபிஷர் இன்னும் வெளிப்படையாக இருந்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ இளவரசியாக உலகம் அறிந்தவர். இருதுருவக் கோளாறு, போதைப் பழக்கம், மின் அதிர்வுச் சிகிச்சை எதையும் அவர் மூடி வைக்கவில்லை. 2016 டிசம்பரில் இறந்தபோது, அவருக்குப் பிடித்தமான பொருளான புரோசாக் மாத்திரை வடிவப் பீங்கான் கலத்தில் அவருடைய அஸ்தியை வைத்தார்கள் குடும்பத்தார்.

அரசியலில் இருந்து ஒரே ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நார்வே பிரதமர் செல் மாக்னே பூண்டவிக். 1998 ஆகஸ்டில் மனச்சோர்வு காரணமாக விடுப்பில் போகிறேன் என்று நாட்டுக்கு அறிவித்தார். சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார். 2001-இல் மீண்டும் பிரதமரானார். ஈகிள்டனுக்கும் பூண்டவிக்குக்கும் இடையில் 26 ஆண்டுகள். ஆனால் காலம் மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்துவிடவில்லை. ஈகிள்டன் விஷயம் பத்திரிகையாளர்கள் துருவியதால் வெளிவந்தது. பூண்டவிக் தானே முந்திக்கொண்டு சொன்னார். யார் முதலில் சொல்கிறார் என்பதில் பாதி மரியாதை அடங்கியிருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். 2014-இன் தொடக்கத்தில் ஒரு காலை, வயிற்றுக்குள் இனம் தெரியாத வெறுமையோடு விழித்ததாகத் தீபிகா படுகோன் பின்னர் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அம்மா ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் உடைந்து அழுதார். அது சாதாரண அழுகை அல்ல என்று அந்தத் தாய்க்குப் புரிந்தது. 2015 ஜனவரியில் தீபிகா இதைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்து வந்த தொலைக்காட்சிப் பேட்டியில் அவரோடு அவருடைய தாய், ஆலோசகர், மனநல மருத்துவர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நம் நாட்டில் அதற்கு முன் அப்படி ஒரு காட்சியைப் பார்த்த நினைவு எனக்கில்லை. முதலில் மருந்து வேண்டாம் என்று தயங்கினேன், பேசினாலே போதும் என்று நினைத்தேன், அது ஓரளவுக்குத்தான் உதவியது, பிறகு மருந்தையும் எடுத்தேன் என்ற பொருளில் அவர் சொன்னதுதான் அந்த வெளிப்பாட்டின் உயிர்நாடி என்பேன். எத்தனையோ வீடுகளில் நடக்கும் தயக்கம் அது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அதே தயக்கத்தைக் கடந்து வந்த வழியை அப்படியே காட்டினார்.

அதே ஆண்டு அவர் தொடங்கிய ‘லிவ் லவ் லாஃப்’ அறக்கட்டளை பள்ளி மாணவர்களுக்கும், மனநலப் பயிற்சி பெறாத பொது மருத்துவர்களுக்கும் திட்டங்கள் வகுத்தது. கர்நாடகத்தின் தாவணகெரேயில் கிராமத்து நோயாளிகளுக்கு உதவத் தொடங்கிய அதன் பணி பிறகு நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் வந்தது. 2022 ஆகஸ்டில் தீபிகா அங்கே நேரில் வந்து நோயாளிகளின் குடும்பங்களோடு பேசினார். பேட்டியோடு நிற்காமல் மருத்துவரும் மாத்திரையும் கிராமத்தைச் சென்றடையும் வேலையில் இறங்கியது பெரிய விஷயம்.

விளையாட்டுத் துறையில் உண்மை இன்னும் மெதுவாக வெளிவந்தது. 2006-இல் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக், வைரஸ் தொற்று என்று முதலில் காரணம் சொன்னார். மனச்சோர்வு என்ற உண்மையைப் பின்னால்தான் சொல்ல முடிந்தது. 2014 இங்கிலாந்துத் தொடரில் தான் மனச்சோர்வில் இருந்ததை விராட் கோலி சொன்னது 2021-இல். நம் வீடுகளிலும் இது புதிதல்ல. மனநோயால் கல்லூரிக்குப் போகாத பையனுக்கு மஞ்சள் காமாலை என்றுதான் உறவினரிடம் சொல்வார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் கதை வேறு. 2016 ரியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, ரஷ்யாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஹேக்கர் கும்பல் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் கோப்புகளைத் திருடி வெளியிட்டது. பைல்ஸ் மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறார் என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. அவர் ஒளியவில்லை. சிறுவயது முதல் தனக்கு கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு இருக்கிறது, அதற்கு மருந்து எடுக்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ட்விட்டரில் எழுதினார். உரிய அனுமதியோடு எடுத்த மருந்து அது. அப்போது அவருக்கு வயது 19. அந்தப் பதிலின் நிதானம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஆனாலும் அவர் பேசியது தானாக அல்ல, திருட்டுக்குப் பின்னால் என்பதை மறக்கக் கூடாது.

பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 2021 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் பேசினார். தந்தையின் சட்டப் பாதுகாவலில் 13 ஆண்டுகள் இருந்தவர். விருப்பம் இல்லாமல் தனக்கு லித்தியம் கொடுத்தார்கள் என்று குற்றம் சாட்டினார். அந்த ஆண்டு நவம்பரில் அந்தப் பாதுகாவல் ரத்தானது. பாட்டி டியூக்குக்கு வாழ்வு தந்த அதே மருந்து இன்னொருவருக்குத் தண்டனையாகத் தோன்றியிருக்கிறது. மருந்தைப் பற்றிப் பேசும்போது சம்மதத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும்.

இந்தச் சம்மதத்தை நம் ஊடகங்கள் எப்படி மிதித்தன என்பதை 2020-இல் கண்டோம். ஜூன் 14 அன்று நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மும்பையில் இறந்தார். அவர் என்ன மருந்து எடுத்தார், எந்த மருத்துவரிடம் போனார், எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் மாதக்கணக்கில் தொலைக்காட்சிகளுக்குத் தீனியாயின. மருந்துச் சீட்டுகள் திரையில் ஓடின. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. சிகிச்சையில் இருப்பவரைப் பற்றிய தகவலையோ படத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது 24-ஆவது பிரிவு. இறந்தவருக்கு அது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த உயிரோடு உள்ள நோயாளிகளோ ஒரே பாடத்தைத்தான் படித்திருப்பார்கள்: மனநல மருத்துவரிடம் சொன்னது ஒரு நாள் ஊருக்கே தெரியும். தீபிகா ஐந்து ஆண்டுகளில் திறந்து வைத்த கதவைச் சில மாதங்களில் அறைந்து சாத்தியது அந்த ஒளிபரப்பு.

பணத்தின் கதையையும் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு அரைகுறையாகும். மருந்து கம்பெனிகள் நேரடியாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும். 2000-களின் தொடக்கத்தில் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் தன் பாக்சில் மாத்திரைக்காக அமெரிக்கக் கால்பந்து வீரர் ரிக்கி வில்லியம்ஸைப் பேச வைத்தது. கூட்டத்தைக் கண்டால் நடுங்கும் சமூகப் பதற்ற நோய் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. பேசியதற்குப் பணமும் கொடுக்கப்பட்டது. இன்னொரு வீரர் டெர்ரி பிராட்ஷா அதே கம்பெனியின் செலவில் மனச்சோர்வு பற்றி ஊர் ஊராகப் பேசினார். வில்லியம்ஸ் பிறகு, அந்த மாத்திரையைவிடக் கஞ்சாவே தனக்கு உதவியது என்று சொல்லிவிட்டார். 2012-இல் அதே கம்பெனி, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த மருந்தைச் சட்டவிரோதமாகப் பரப்பியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் 300 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்தது. அந்த வீரர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய நோய் மெய்யானதே. ஆனால் பணம் வாங்கியதைச் சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேசுகிறவர் கேட்பவரை ஏமாற்றுகிறார். நம் நாட்டில் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்த முடியாது. ஆனால் மனநலச் செயலிகளும், மன அமைதி தரும் என்று சொல்லும் துணையுணவுகளும் நட்சத்திரங்களின் சமூக வலைதளப் பக்கங்களில் வந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மருந்து உண்மையில் வேலை செய்கிறதா? 2018-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளைத் திரட்டியது. மனச்சோர்வுக்கான 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. சராசரிப் பலன் மிதமானது. 2022-இல் வந்த மற்றோர் ஆய்வு, செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அப்படியானால் குரூஸ் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். சரியல்ல. ரசாயனச் சமநிலை என்பது மருந்து விற்பனைக்கும் எளிய விளக்கத்துக்கும் பயன்பட்ட சுருக்கம். அந்தச் சுருக்கம் தவறாக இருந்தாலும் மருந்தின் பலன் தவறாகிவிடாது. அது எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகப் புரிவதற்கு முன்பே, வேலை செய்கிறது என்பதைப் பரிசோதனைகள் காட்டிவிட்டன. மருத்துவ வரலாற்றில் இப்படிப் பல மருந்துகள் உண்டு.

நட்சத்திரங்கள் சொல்ல வேண்டிய, ஆனால் அநேகமாகச் சொல்லாத விவரங்கள் இங்கேதான் இருக்கின்றன. மனச்சோர்வு மாத்திரை மறுநாளே பலன் தராது, சில வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் குமட்டல், தூக்கமின்மை வரலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரலாம். சிலருக்கு அது நீண்ட நாள் படுத்தும் என்பதை பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி 2019-இல்தான் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. இளம் வயதினருக்கு ஆரம்ப வாரங்களில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004-இல் எச்சரித்தது.

நம் ஊரில் மனநல மருத்துவர் கொடுக்கும் எல்லாமே ‘தூக்க மாத்திரை’தான். பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய அல்பிரசோலம் வகை வேறு, மனச்சோர்வு மாத்திரை வேறு, மனச்சிதைவுக்கான மருந்து வேறு என்ற வேறுபாடு யாருக்கும் சொல்லப்படுவதில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடத் தயங்காத அதே வீட்டில், மனநோய் மாத்திரை மட்டும் இரண்டு மாதத்தில் நிறுத்தப்படுகிறது.

பாடகி செலினா கோமஸ் 2020-இல் தன் இருதுருவக் கோளாற்றைச் சொன்னார். 2022-இல், தான் எடுக்கும் இரண்டு மருந்துகளின் காரணமாகத் தன்னால் கருத்தரிக்க இயலாமல் போகலாம் என்று ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். இது அவருடைய நிலை, அவருடைய மருந்து. இந்த நோய் உள்ள பெண்கள் பலர் மருத்துவரோடு திட்டமிட்டு, மருந்தை மாற்றி, குழந்தை பெற்றிருக்கிறார்கள். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு என்பதும் உண்மை. நட்சத்திரத்தின் ஒரு வாக்கியம் ஊர்ப் பெண்ணின் கையில் வந்து சேரும்போது இந்த இரண்டாவது பாதி உதிர்ந்துவிடுகிறது. அதை எடுத்துச் சேர்க்கும் பொறுப்பு பேட்டி எடுப்பவருக்கும் பத்திரிகைக்கும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒரு மௌனம். பேசுகிற நட்சத்திரங்கள் அநேகமாக மனச்சோர்வு, பதற்றம், அதிகம் போனால் இருதுருவக் கோளாறு என்று நின்றுவிடுகிறார்கள். மனச்சிதைவு எனக்கு உண்டு என்று சொன்ன நடிகர் எத்தனை பேர்? அமெரிக்காவில் 1996 முதல் 2018 வரை மக்கள் மனப்பான்மையைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில் மனச்சோர்வு உள்ளவர்களிடமிருந்து விலகி நிற்கும் எண்ணம் குறைந்திருந்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற எண்ணமோ கூடியிருந்தது. பேசப்பட்ட நோய்க்கு மரியாதை வந்தது, பேசப்படாத நோய் பின்னால் தள்ளப்பட்டது.

அந்த மௌனத்தை உடைத்தவர் சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ். 2007-இல் எழுதிய நூலில், மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்று தான் திரும்பத் திரும்ப முயன்றதையும், ஒவ்வொரு முறையும் நோய் திரும்பி வந்ததையும், கடைசியில் மருந்தை ஏற்றுக்கொண்டதையும் மறைக்காமல் எழுதினார். இதற்கு எதிர்ப்புறம், அதே நோய் இருந்த கணித மேதை ஜான் நாஷ். 1970 வாக்கில் மருந்தை நிறுத்தியவர்; பல ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தேறினார்; 1994-இல் நோபல் பெற்றார். அவரைப் பற்றி 2001-இல் வந்த ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில், புதிய மருந்துகள் எடுப்பதாக அவர் சொல்வதுபோல் காட்டியிருந்தார்கள். பார்க்கும் நோயாளிகள் மருந்தை விட்டுவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். கவலை நியாயமானதுதான். என்றாலும், உண்மையைச் சொல்லி, இவருக்கு நடந்தது அரிது, பெரும்பாலோருக்கு மருந்து வேண்டும் என்று விளக்கியிருக்கலாம். நல்ல நோக்கத்தோடு சொன்ன பொய்யும் பின்னால் நம்பிக்கையைக் குலைக்கும்.

தமிழ்த் திரை இதில் நமக்கு அதிகம் உதவவில்லை. 2012-இல் வந்த ‘3’ படத்தின் நாயகன் இருதுருவக் கோளாற்றை மனைவியிடமிருந்து மறைக்கிறான், நண்பன் மட்டுமே அறிந்த ரகசியமாகச் சிகிச்சை நடக்கிறது, முடிவு மரணம். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிய சினிமா நம்முடையது. 1794-இல் தொடங்கிய, இந்தியாவின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்று அங்கே இன்றும் ஆயிரக்கணக்கானவர்களைத் தேற்றி அனுப்புகிறது என்பது அந்த வசவில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரோடு எரிந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மாதம் சில நூறு ரூபாய் மாத்திரை வாழ்வு தந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

2015-16-இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் சிகிச்சை பெறவில்லை. இந்த எட்டுப் பேரை ஒரு நட்சத்திரத்தின் பேட்டி மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடாது. வந்தால் அங்கே மருத்துவர் இருக்க வேண்டும், மருந்து இருப்பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். இதையும் ஒரு நடிகர் ஒரு மேடையில் சொன்னால் எத்தனை குடும்பங்களுக்குத் தெரியவரும்!

தமிழ்த் திரையிலும் விளையாட்டிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். அது உங்கள் உரிமை. சொல்வதென்றால் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தின் பெயர் தேவையில்லை. எத்தனை வாரத்தில் பலன் தெரிந்தது, என்ன தொந்தரவு வந்தது, நிறுத்தலாம் என்று தோன்றியபோது யாரிடம் கேட்டீர்கள், இன்றும் எடுக்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருடைய பேட்டியையும் படித்துவிட்டு மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.